சூடத்தில் கை வைக்காதவள்

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி அப்படியே நின்றுவிடும். அதற்கு மேலே திறப்புத்தான். பக்கத்தில் என்ன தாளிக்கிறார்கள், யார் இருமுகிறார்கள், யார் யாரை ஏசுகிறார்கள், எல்லாம் இந்தப் பக்கம் வரும். நம்முடையது அந்தப் பக்கம் போகும். கலியாணம் முடித்துக் கலஹாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த அன்றைக்கு அந்தத் திறப்பைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. பிறகு அதன் வழியாகத்தான் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள்.

நான் கண்டி டவுனில் பிறந்தவள். சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அங்கே பூந்தோட்ட வேலை செய்த அப்பாவுக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். படித்தேன் என்றுதான் பெயர், பேச வராது. சிஸ்டர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் வாய் திறக்காது. அப்படிப்பட்டவளை வேலைக்காரர்கள் நிறைந்த ஒரு லயத்தில் கொண்டுவந்து விட்டார்கள். என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அந்த லயம் முழுக்க நாங்கள் மட்டும்தான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள்.

வந்த மறுநாள் சோறு வைத்துக்கொண்டு அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ தங்கச்சி, அழுவுறதுன்னா அழு. அடுப்பப் பாத்துக்கிட்டு அழு. சோறு தீயுது."

அதுதான் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், இரண்டு பிள்ளைக்காரி. கொழுந்து பறிக்கிற மலையில் அவளுடைய செடி வரிசைக்கு, நிரைக்குப் பக்கத்து நிரையைத்தான் எனக்கு வாங்கித் தந்தாள். விரல் பழகாத எனக்கு என் நிரையிலேயும் பாதியைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டுவிட்டு, "பேசாத, கங்காணி பாக்குறாரு" என்பாள். நான் எங்கே பேசினேன்.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லயத்தில் எல்லா வீட்டிலும் பொங்கல் வைப்பார்கள். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடக்கூடாது என்று எங்கள் மாதா கோயில் சாமியார் சொல்லியிருந்தார். அதை எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்த முதல் வருஷமே அக்கா ஒரு கோப்பையைச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

"இது படைக்காதது. பானையிலேருந்து மொதல்ல எடுத்து வச்சிட்டேன். மாரியம்மாகிட்டயும் சொல்லிட்டேன், பக்கத்து வீட்டுல ஒருத்தி இருக்கா, அவ சாமி கொஞ்சம் கோவக்காரருன்னு."

ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். சாமிக்கு முன்னால் எனக்கு. யேசு பிறந்த நத்தாருக்கு நான் செய்கிற பலகாரம் அதே வழியாக அந்தப் பக்கம் போகும்.

பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று முதல் தடவையாக வந்தது முப்பதுகளின் தொடக்கத்தில். தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர்தான் பெயர்களைப் பதிந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி பூசாமல் அவரை ஒருவரும் பார்த்ததில்லை. ஆண்கள் பெயரைப் பதிந்துவிட்டுப் பெண்களைக் கூப்பிட்டபோது, பிள்ளை பிடிக்க வந்த ஆளைப் பார்த்த மாதிரி எல்லாரும் உள்ளே ஓடினோம். அவர் வாசல் வாசலாக வந்து நின்று கேட்டுப் பதிந்தார்.

எங்கள் பகுதிக்கு இரண்டு பேர் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்காக ஆளுக்கொரு நிறம் கொடுத்திருந்தார்கள். ஓட்டுப் போடுகிற இடத்தில் அந்தந்த நிறத்தில் பெட்டி இருக்கும், பிடித்த பெட்டிக்குள் தாளைப் போட்டுவிட்டு வரவேண்டும். மஞ்சள் நிறக்காரர் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். சிவப்பு நிறக்காரர் கண்டியில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார், எங்கள் வேதக்காரர். பெரிய கங்காணி மஞ்சள் பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஆண்கள் கூடியிருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போன நானும் அக்காவும் பலாமரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டோம். சட்டசபைக்குப் போகிறவர்களைப் பற்றி மாஸ்டர் பேப்பரில் இருந்ததை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய கங்காணி இடையில் பேசினார்.

"அதெல்லாம் சரி மாஸ்டர். வர்ற வெள்ளிக்கெழம எல்லாரும் வந்து அம்மாவுக்கு முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிறணும், மஞ்சளுக்குத்தான்னு. அப்பத்தான் எனக்கு நிம்மதி."

அந்த வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தட்டில் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்துவிட்டால் அது சத்தியம். மீறினால் அந்தக் கை விளங்காமல் போகும் என்பார்கள்.

மாஸ்டர் பேப்பரை மடித்தார். "ஐயா, அது வேண்டாம். ஓட்டு ஆருக்குப் போடுறனெண்டது போடுற ஆளுக்கு மட்டும் தெரியவேணும். அதுக்குத்தான் திரை கட்டி வைக்கினம். சாமியைத் திரைக்கு உள்ளுக்குக் கொண்டுபோகப்படாது."

"சாமி இல்லாத எடமா? கலியாணத்துக்கு சாமி, மழைக்கு சாமி, மாடு விக்கிறதுக்கு சாமி. ஓட்டுக்கு மட்டும் வெளிய நிக்கணுமா?"

"சாமிக்கு ஓட்டு இருக்கா மாஸ்டர்?" என்று யாரோ கூட்டத்திலிருந்து கேட்டார்.

"வயசைக் கேட்டுக்கொண்டு வாரும், பதிஞ்சு விடுறன்," என்றார் மாஸ்டர். கங்காணியும் சேர்ந்துதான் சிரித்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார்.

"சிரிக்கிற காரியமில்ல. செகப்புக்காரன் வேதக்காரன். அவன் மேல போயி ஒக்காந்தா நம்ம கோயில் மணிய அடிக்க விடுவானா?"

"அங்க போறவர் ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆசுப்பத்திரிக்கும் எல்லோ கதைக்கவேணும். அவர் எந்தக் கோயிலுக்குப் போறாரெண்டு பாத்தே ரோட்டுப் போடுறது?"

"ரோடு போட்டா அதுல நம்ம தேரு போகணுமா வேணாமா?"

"தேரும் போகட்டும், அவையின்ர மாதா சுருவமும் போகட்டும், மாட்டு வண்டிலும் போகட்டும். நானும் சாமி கும்பிடுற ஆள்தான் ஐயா. பயப்படுத்தி வாங்கிற ஓட்டு போடுற ஆளின்ர ஓட்டில்லை, உங்கட ஓட்டு."

"பயம் இல்லாம எவன் நேரா நடந்திருக்கான்? காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு நேரத்துக்கு வர்றானுங்கன்னா தொரைக்குப் பயந்துதான்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. அக்கா என் காதருகில், "ரெண்டு பேரும் சரியாத்தான் பேசுறாங்க. நாம தண்ணிக்குப் போவோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பெரட்டுக் களத்திலிருந்தே எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சூடத்தை அணைத்தார்கள். அணைத்தவர்கள் நெற்றியில் பூசாரி கட்டைவிரலால் பெரிதாகக் குங்குமம் வைத்தார். அக்கா போனபோது அவள் இரண்டு தடவை கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். மலையில் பாம்பைக் கூடைக் கயிற்றால் அடிக்கிறவள். சாமி காரியம் என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். குங்குமத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மற்றவர்கள் எல்லாரும் முடித்த பிறகு கங்காணி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் மோசமான மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். எங்களைச் சூடம் அணைக்கச் சொல்லவில்லை. கோயில் படிக்கு வெளியே ஒரு கதிரை போட்டு, எங்கள் வீட்டு மாதா படத்தை அதன் மேல் வைத்திருந்தார். என் வீட்டுக்காரரே காலையில் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. வீட்டுச் சுவரில் பார்த்த படத்தை அந்த வெயிலில் கதிரை மேல் பார்த்ததும் மாதாவை யாரோ தெருவில் நிறுத்திவைத்த மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் படத்தின் மேல் கை வைத்து, மஞ்சளுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்தது நான். எல்லாரும் பார்க்கிறார்கள்.

"எனக்கு வேணாங்க," என்றேன்.

"ஏன் புள்ள, செகப்புக்கா?"

"இல்லீங்க."

"மஞ்சளுக்குத்தானே?"

"ஆமாங்க."

"அப்ப கையை வையேன்."

"வைக்கமாட்டேங்க."

சிரித்தார்கள். கங்காணியும் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர், "ஏய், மானத்த வாங்காத" என்று பல்லுக்குள் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் வைக்கமாட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொல்லித் தந்திருந்தார்கள், கடவுள் பெயரைச் சின்னக் காரியத்துக்கு எடுக்கக்கூடாது, சாகிற நேரத்தில் கூப்பிட அது வேண்டும் என்று. அதுதான் என் மனதில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மாஸ்டர் ஓரத்திலிருந்து வந்தார். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் வந்தார்.

"பாத்தீங்களே, இந்தப் பிள்ளைக்கு விளங்குது. ஓட்டு வேற, சமயம் வேற. உங்க எல்லாருக்கும் விளங்காதது இதுக்கு விளங்கியிருக்கு."

எனக்கு அது விளங்கவே இல்லை. கடவுள் அங்கே இல்லை என்று நினைத்திருந்தால் யோசிக்காமல் கையை வைத்திருப்பேனே. அந்த நிமிஷம் வரைக்கும் நான் ஒரு பயந்தாங்கொள்ளிப் பெண். மாஸ்டர் வாயைத் திறந்த பிறகு கங்காணிக்கு நான் மாஸ்டர் கட்சி. மாஸ்டரும் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் மரியாதையாகத் தலையசைப்பார். எனக்கு அழ வேண்டும்போல் இருக்கும். இரண்டு பேருமே என் மனதில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை.

அக்கா மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "பயமா இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"எனக்கும்தான். பயந்து நான் கைய வச்சேன். பயந்து நீ வைக்கல." சட்டியைக் கழுவுகிற சத்தம் கேட்டது. "சரி, விடு. நாளைக்கு வெறகுக்குப் போவோம்."

ஓட்டுப் போடுகிற நாளில் கலஹாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எல்லாரும் நடந்தே போனோம். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டியிருந்தோம். சத்தியம் பண்ணினவர்களுக்கு அன்று காலையிலும் பூசாரி குங்குமம் வைத்து அனுப்பியிருந்தார். மேசைக்குப் பின்னால் சிங்களத்தில் பேசுகிற உத்தியோகத்தர் பெயரைக் கேட்டுத் தாளைக் கொடுத்தார். மூலையில் சாக்குத் துணியால் திரை. அக்கா எனக்கு முன்னால் போனாள், வெளியே வந்தாள், என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். நான் உள்ளே போனேன். மஞ்சள் பெட்டி ஒன்று, சிவப்புப் பெட்டி ஒன்று. நான் மஞ்சளில் போட்டேன். கங்காணி கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லியிருந்தேன், அந்தச் சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் பெண்கள் மஞ்சள் மஞ்சள் என்று கேலி பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பாதி வழியில் கல்லொன்றில் உட்கார்ந்தாள். வயிற்று வலி என்றாள்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் அவள் சுவருக்கு மேலே பேசவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். நான் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். வலது உள்ளங்கையை என் முன்னால் விரித்தாள்.

"இதப் பாரு தங்கச்சி. செவந்திருக்கா?"

"இல்லியே. என்னாக்கா?"

"நான் செகப்புல போட்டுட்டேன்."

கையிலிருந்த விறகைக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள். திரைக்குள் போனதும் கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். எந்த நிறம் என்று சொன்னார்கள் என்பது அடியோடு மறந்துவிட்டதாம். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாளாம். விரலில் குங்குமம் ஒட்டியிருக்கிறது. அம்மா முன்னால் சத்தியம் பண்ணினதும் பூசாரி இதைத்தானே வைத்தார், அப்படியென்றால் அம்மா காட்டுவது இந்த நிறம்தான் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு, சிவப்புப் பெட்டிக்குள் போட்டிருக்கிறாள். வழியில் மற்றவர்கள் பேசினபோதுதான் தெரிந்திருக்கிறது.

"தெரியாம பண்ணினது ஒண்ணும் செய்யாதுக்கா."

"அம்மாவுக்கு அதெல்லாம் தெரியுமா? கை வச்சேன், மாத்திப் போட்டேன். அவ்வளவுதான்." சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். "வீட்டுல சொல்ல முடியாது. லயத்துல யாருகிட்டயும் சொல்ல முடியாது. எல்லாரும் கை வச்சவங்க. நீ ஒருத்திதான் வைக்கல. அதான் ஒங்கிட்ட வந்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லமாட்டேன் என்றேன். அதற்கும் அவள் சத்தியம் கேட்கவில்லை.

மஞ்சள் நிறக்காரர் தோற்றுப்போனார். எத்தனையோ தோட்டம், எத்தனையோ ஊர், டவுன் ஜனங்கள், கிராமத்துச் சிங்களவர்கள் எல்லாரும் போட்ட ஓட்டு அது. எங்கள் லயத்தில் அப்படிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. அம்மா முன்னால் கேட்ட காரியம் எப்படித் தவறும், யாரோ நடுவில் கெடுத்திருக்க வேண்டும் என்று பேச்சாகிவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லாரும் நின்ற இடத்தில் பெரிய கங்காணி என்னைக் கூப்பிட்டார்.

"சத்தியம் பண்ணினவன் எவனும் மாத்திப் போடமாட்டான். பண்ணாதது ஒரே ஆளு. நீயே சொல்லு புள்ள, எதுல போட்ட?"

மாஸ்டர் அங்கேதான் நின்றார். "அதைக் கேக்கச் சட்டமில்லை ஐயா," என்றார்.

"நீங்க சும்மா இருங்க மாஸ்டர். ஒங்க சட்டம்தான் கெடுத்துச்சு. சொல்லு புள்ள. மஞ்சளா?"

மஞ்சள் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். ஆனால் நான் மஞ்சள் என்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போ எவள் என்று கேட்பார். எல்லாரையும் மறுபடி கோயில் முன்னால் நிறுத்துவார். அக்காவுக்கு அந்த இடத்தில் பொய் சொல்ல வராது. அவள் எனக்கு எதிரே, கூடையைக் கழற்றாமல், சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வலது கை சேலைக்குள் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் மூக்கைத் துடைக்கத் தொடங்கினாள்.

நான் வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா," என்றார் கங்காணி. "வேதக்காரி வேதக்காரனுக்குப் போட்டிருக்கா."

அடுத்த நாளிலிருந்து என் நிரை மலையின் கடைசிக்குப் போனது. குழாயடியில் என் குடம் வந்தால் மற்றக் குடங்கள் தள்ளி வைக்கப்படும். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் கேலி. "நீ மாதா மேல கை வச்சு சத்தியம் பண்ணினத ஒன் பொண்டாட்டி மதிக்கலியா" என்று கேட்டார்களாம். அவர் கோபத்தில் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அவருக்கு மட்டும் நான் மஞ்சளில் போட்டதைச் சொன்னேன். "அதை அங்க சொல்றதுக்கு என்னா?" என்றார். அதற்குமேல் நான் சொல்லவில்லை. அவர் என்னை நம்பினாரா இல்லையா என்று அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதையெல்லாம் தாங்கலாம். அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். முதலில் பயந்துதான் நிறுத்தியிருக்கிறாள், எல்லாம் அடங்கினால் பேசுவாள் என்று நினைத்தேன். எல்லாம் அடங்கியும் பேசவில்லை. என்னைக் கண்டால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அரைப்பது, பிள்ளையை அதட்டுவது, மிளகாய் வறுத்துத் தும்முவது எல்லாம் கேட்கும். நான் சோற்றை வேண்டுமென்றே கொஞ்சம் தீயவிட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு குரலும் வரவில்லை.

அந்த வருஷத் திருவிழாவில் அக்கா தீச்சட்டி எடுத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து சுகமானதற்கு நேர்த்தி என்று லயத்தில் சொன்னார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை வைத்து, எரிகிற சட்டியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்து போனாள். நான் கதவு ஓரத்தில் நின்றேன். கை சுடவில்லை என்று பிறகு எல்லாரும் அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அம்மாவோடு இருந்த கணக்கு தீர்ந்துபோயிற்று என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் பொங்கல் வாசம் சுவருக்கு மேலே வந்தது. படைக்காத கோப்பை வரும் என்று பொழுது சாயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை.

சில வருஷம் கழித்து அடுத்த ஓட்டு வந்தது. மாஸ்டர் அதற்குள் ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால் கங்காணி பழையபடி வெள்ளிக்கிழமையைக் குறித்தார். எங்களைக் கூப்பிடவே இல்லை. என் வீட்டுக்காரர் ஸ்டோருக்குப் போய்விட்டார். கோயில் பக்கம் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது, லயம் முழுவதும் காலியானது. பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க ஓடிவிட்டார்கள்.

நான் மட்டும் இருக்கிறேன் என்று நினைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது. முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவள்தான். முதல் நாள் காலையிலேயே அவள் புருஷன் வாசலில் நின்று கங்காணியிடம் சொன்னது எனக்கு நினைவு வந்தது, "வீட்டுல அதுக்குத் தீட்டுங்க, கோயிலுக்கு வர முடியாது" என்று. எங்கள் இரண்டு வீட்டுத் துணியும் பின்பக்கம் ஒரே கம்பியில்தான் காயும். தீட்டில்லை என்று எனக்குத் தெரியும்.

கோயில் பக்கம் பூசாரி மணியை அடித்தார், மஞ்சள் நிறக்காரர் வாங்கிக் கொடுத்த மணி. இந்நேரம் சூடம் ஏற்றியிருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் துருவல் நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா என்று ஒரு சொல் கூப்பிட்டால் போதும். அன்றைக்கு நடந்ததற்கு நான் அவளை ஒருநாளும் குறை சொன்னதில்லை என்று அவளுக்குத் தெரியவேண்டும். சுவரில் கையை வைத்தேன். அடுப்புச் சூட்டில் அந்த மண் எப்போதும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வளையல் சத்தம் ஒன்று மிகக் கிட்டத்தில் கேட்டது. அவளும் எழுந்து வந்திருக்கவேண்டும்.

அப்படியே நின்றோம் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தப்புச் சத்தம் நின்றது, ஜனங்கள் நெற்றியில் குங்குமத்தோடு பேசிச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்தப் பக்கத்தில் தேங்காய் துருவுகிற சத்தம் மறுபடி தொடங்கியது. நான் போய் முறத்தை எடுத்தேன்.